மூடிய நிலக்கரிச் சுரங்கத்தைப் பாதுகாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலக்கரிச் சுரங்கம் ஒன்று மூடப்பட்டதும் அதன் உயர்ந்த இரும்புக் கோபுரத்தை மட்டும் நினைவுச்சின்னமாக விட்டுவைத்து, மற்ற அனைத்தையும் பழைய இரும்பாக விற்றுவிடுவதே மிகப் பரவலான தவறு. தொழிலாளரையும் கரியையும் சுமந்த கூண்டை ஏற்றி இறக்கிய இயந்திரமும், கரியைக் கழுவித் தரம் பிரித்த கூடமும், ரயில் பாதையும் போய்விட்டால், அந்தக் கோபுரம் எதற்காக நின்றது என்பதே பார்ப்பவருக்கு விளங்காது. ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986இலும் அதன் கல்கரி (நிலக்கரியைச் சூடாக்கிப் பெறும், இரும்பு உருக்க உதவும் எரிபொருள்) ஆலை 1993இலும் மூடப்பட்டன. இரண்டும் சேர்த்துக் காக்கப்பட்டதால்தான், கரி மேலே வந்து கல்கரியாக மாறிய வழி முழுவதையும் அங்கே இன்றும் தொடர்ந்து காண முடிகிறது. 2001இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அழகுபடுத்தும் ஆர்வமும் கேடு செய்யும். துருவைச் சுரண்டிப் பளபளப்பான வண்ணம் பூசும்போது, இயந்திரம் செய்தவரின் முத்திரையும், பழுதுபார்த்த தடயங்களும், கைபட்டுத் தேய்ந்த பிடிகளும் மறைந்துவிடுகின்றன. செய்யும் மாற்றம் இயன்றவரை திரும்ப நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தொழில்துறை மரபைக் காப்பதற்கான 2003ஆம் ஆண்டின் நிஸ்னி தாகில் சாசனம் வலியுறுத்துவது இதனால்தான்.

சிறு பொருள்களை அள்ளிக் குப்பையில் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பல சுரங்கங்களில் தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துத்தான் விளக்கைப் பெற்றுக்கொண்டார். விபத்து நேர்ந்தால், விளக்கு அறையில் எஞ்சியிருந்த வில்லைகளே நிலத்தடியில் சிக்கியவர் யார் யார் என்பதைச் சொல்லின. அந்த வில்லைகளையும் பதிவேடுகளையும் வரைபடங்களையும் முதல் நாளிலேயே பத்திரப்படுத்த வேண்டும். தொழிலாளர்களின் நினைவுகளைப் பதிவுசெய்வதையும் தள்ளிப்போடக் கூடாது. வேல்ஸின் பிளேனவோனில் உள்ள பிக் பிட் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு 1983இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டபோது, முன்னாள் தொழிலாளர்களே வழிகாட்டிகளாகி அந்த அறிவைக் காத்தனர்.

கழிவு மேடுகளை வெறும் குப்பையாகக் கருதிச் சமன்படுத்துவதும் தவறே. பிரான்ஸின் நோர்-பா-டி-கலே நிலக்கரி வயல் 2012இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது அம்மேடுகளும் அதில் இடம்பெற்றன. ஆனால் சரிவின் உறுதியைச் சோதிக்காமல் அவற்றை அப்படியே விடுவது அதைவிடப் பெரிய தவறு. 1966இல் வேல்ஸின் அபெர்ஃபானில் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தனர். நிலத்தடிப் பகுதியைத் திறந்துவைக்க நினைப்பவர்கள், நீரிறைப்புக்கும் காற்றோட்டத்துக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவை முதலிலேயே கணக்கிட வேண்டும்.

துயரங்களை விட்டுவிட்டுத் தொழில்நுட்பப் பெருமையை மட்டும் சொல்வதும் ஒரு வகை அழிப்புதான். பெல்ஜியத்தின் புவா டு காசியே சுரங்கத்தில் 1956 ஆகஸ்ட் 8 அன்று இறந்த 262 பேரில் 136 பேர் இத்தாலியத் தொழிலாளர்கள்; அந்த இடம் அவர்களை முன்னிறுத்தியே பாதுகாக்கப்படுகிறது. நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஜப்பானின் ஹாஷிமா தீவோ 2015இல் பட்டியலில் சேர்ந்தும், அங்கு கட்டாய வேலை செய்த கொரியர்களின் வரலாறு போதிய அளவில் விளக்கப்படவில்லை என்று 2021இல் உலக மரபுக் குழு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.