மெடிகேப் பாலிசி: திரும்பச் சரிசெய்ய முடியாத தவறுகள்

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அட்டை கைக்கு வந்ததும் மருத்துவச் செலவுக் கவலை தீர்ந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பார்ட் ஏ மருத்துவமனைக்கு, பார்ட் பி டாக்டருக்கும் ஸ்கேனுக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கும். இரண்டிலும் ஓட்டை உண்டு. 2026 கணக்குப்படி மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் உங்களுடையது. வீடு திரும்பி 60 நாள் கழித்து மறுபடி சேர்ந்தால் மறுபடியும் 1,736. பார்ட் பி-யில் ஆண்டுக்கு 283 டாலர் டிடக்டிபிள் (முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை) போக, மெடிகேர் ஏற்கும் கட்டணத்தில் 20 சதவீதம் உங்கள் பங்கு. இந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. கீமோதெரபிக்கு ஆண்டில் 60,000 டாலர் ஆனால் 12,000 உங்கள் தலையில். இந்த ஓட்டைகளை அடைக்கத் தனியார் நிறுவனங்கள் விற்கும் துணைக் காப்பீடுதான் மெடிகேப்.

இதில் ஆகப் பெரிய தவறு, எந்தப் பிளான் என்பதில் அல்ல, எப்போது வாங்குவது என்பதில் நடக்கிறது. 65 வயது நிறைந்து, பார்ட் பி தொடங்கும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து ஆறு மாதம் உங்களுக்கு ஓப்பன் என்ரோல்மென்ட். அந்த ஆறு மாதத்தில் சர்க்கரை, ஸ்டென்ட், புற்றுநோய் என்று எது இருந்தாலும் நிறுவனம் மறுக்க முடியாது, அதைக் காட்டி பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. ஏழாவது மாதம் போனால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நலக் கேள்விப் பட்டியலை நீட்டுவார்கள். ஒரு பதிலே நிராகரிக்கப் போதும். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில்தான் பின்னாலும் வழி உண்டு.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை விளம்பரங்கள் பறக்குமே, அது மெடிகேர் அட்வான்டேஜுக்கும் (மெடிகேர் பலன்களைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் திட்டம்) மருந்துக்கான பார்ட் டி-க்கும் உரிய காலம். ஆண்டுதோறும் மெடிகேப்பும் அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் ஏராளம். அது சரியல்ல.

வேலையில் தொடர்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தின் காப்பீடு கையில் இருக்கும்போதே 65-இல் பார்ட் பி-யும் எடுத்துவிட்டால், ஆறு மாதக் கணக்கு அன்றே ஓடத் தொடங்கிவிடும். 68-இல் ஓய்வு பெற்று மெடிகேப் தேடும்போது அந்தச் சலுகை தீர்ந்திருக்கும். இப்படிப்பட்டவர்கள் பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம், அபராதம் வராது. வேலை முடிந்தபின் எட்டு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கோப்ரா (வேலை விட்டபின் நிறுவனக் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடரும் ஏற்பாடு) இருக்கிறதே என்று அதற்கு மேலும் தள்ளினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் கோப்ரா வேலையில் இருப்பதாகக் கணக்காகாது. தாமதமான ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பார்ட் பி பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், அதுவும் ஆயுசுக்கும்.

கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்கு, தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்தபின் விலை கொடுத்து மெடிகேரில் சேர வழியுண்டு. இங்கே யாரும் வேலை செய்து 30 காலாண்டுகூட வரி கட்டியிராவிட்டால் 2026-இல் பார்ட் ஏ மாதம் 565 டாலர், பார்ட் பி 202.90 டாலர். செலவுக்குப் பயந்து பார்ட் பி மட்டும் எடுக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படி எடுத்தால் மெடிகேப் கிடைக்காது, அதற்கு இரண்டும் வேண்டும். 72 வயதில் பார்ட் பி தொடங்கினாலும் ஆறு மாதச் சலுகை அன்றுதான் ஆரம்பம் என்பது ஓர் ஆறுதல். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரே பாலிசி கிடையாது, ஆளுக்கொன்று.

பிளானைப் பொறுத்தவரை அதன் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துதான் எல்லாம். பிளான் ஜி என்றால் எந்த நிறுவனம் விற்றாலும் அடிப்படைப் பலன் ஒன்றே (மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றுக்கும் தனி முறை). ஆகவே பெயர் பெற்ற நிறுவனம் என்று கூடுதல் பணம் கொடுப்பது வீண். கேட்க வேண்டியது வேறு: பிரீமியம் வயது ஏற ஏற உயரும் வகையா, சேர்ந்தபோதிருந்த வயதை வைத்தா, எல்லோருக்கும் ஒரே விலையா? கடந்த சில ஆண்டுகளில் எவ்வளவு ஏற்றினார்கள்? முதல் ஆண்டு மலிவாகத் தெரிவது பெரும்பாலும் முதல் வகை. 75-இல் அது கடிக்கும்.

2020 ஜனவரி 1-இலோ அதற்குப் பின்னோ மெடிகேர் தகுதி பெற்றவர்களுக்குப் பிளான் எஃப் கிடையாது. அதனால் பெரிய நஷ்டமுமில்லை. எஃப்-க்கும் ஜி-க்கும் உள்ள வித்தியாசம் அந்த 283 டாலர் டிடக்டிபிள் மட்டுமே. எஃப் மாதம் 40 டாலர் கூடுதல் என்றால், 283-ஐத் தவிர்க்க 480 கட்டுகிறீர்கள். பிளான் என் இன்னும் மலிவு. ஆனால் டாக்டரைப் பார்க்கப் போனால் 20 டாலர் வரையிலும், எமர்ஜென்சிக்குப் போய் சேர்க்கப்படாமல் திரும்பினால் 50 டாலர் வரையிலும் கொடுக்க வேண்டும். மெடிகேர் கட்டணத்தை முழுத் தொகையாக ஏற்காத டாக்டர் 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்கலாம். ஜி அதைக் கொடுக்கும், என் கொடுக்காது. பென்சில்வேனியா, ஒஹாயோ போன்ற மாநிலங்களில் அந்தக் கூடுதலுக்கே தடை என்பதால் அங்கே என் நல்ல பேரம்.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. மெடிகேர் இந்தியாவில் ஒரு காசும் தராது. பிளான் ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை உண்டு: 250 டாலர் டிடக்டிபிள் போக 80 சதவீதம், வாழ்நாள் முழுக்க மொத்தம் 50,000 டாலர். பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கும் அவசரத்துக்கு மட்டுமே. நவம்பர் தொடக்கத்தில் சென்னை போய், மார்கழிக் கச்சேரியும் பொங்கலும் முடித்து பிப்ரவரியில் திரும்பும் வழக்கம் இருந்தால் கடைசி ஒரு மாதம் பாதுகாப்பே இல்லை. பொங்கலன்று நெஞ்சுவலி வந்தால் முழுச் செலவும் சொந்தப் பணம். நீண்ட பயணத்துக்குத் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். அங்கே திட்டமிட்டுச் செய்யும் கண்புரை அறுவைக்கும் மெடிகேப் உதவாது.

மருந்து, பல், கண்ணாடி, காது கேட்கும் கருவி, நீண்டகாலப் பராமரிப்பு எதுவும் மெடிகேப்பில் வராது. மருந்துக்கு பார்ட் டி தனியாக எடுங்கள். வேறு தகுதியான மருந்துக் காப்பீடு இல்லாமல் தள்ளிப்போட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் என அபராதம் சேர்ந்துகொண்டே போகும்.

பிரீமியம் பூஜ்யம் என்று சொல்லி விற்பது மெடிகேர் அட்வான்டேஜ். அது மெடிகேப் அல்ல, இரண்டையும் சேர்த்து வைத்துப் பயன்படுத்தவும் முடியாது. குறிப்பிட்ட வலையமைப்பு டாக்டர்கள், பல சிகிச்சைக்கு முன் அனுமதி என்று அதன் கணக்கே வேறு. 65-இல் முதன்முறை மெடிகேரில் நுழையும்போதே அட்வான்டேஜில் சேர்ந்தவர் 12 மாதத்துக்குள் விலகினால் உடல்நலக் கேள்வி இல்லாமல் மெடிகேப் வாங்கலாம். அதற்குப் பின் நோய் வந்து மாற நினைத்தால் நிறுவனம் சம்மதிக்க வேண்டும்.

பாலிசி மாற்றுகிறவர்கள் பழையதை முதலில் நிறுத்திவிடாதீர்கள். புதிய நிறுவனம் ஏற்றதை எழுத்தில் வாங்குங்கள். 30 நாள் பரிசீலனைக் காலம் உண்டு, அந்த ஒரு மாதம் இரண்டு பிரீமியமும் கட்ட வேண்டிவரும். விண்ணப்பத்தில் பழைய நோயை மறைத்தால் பின்னால் பாலிசியே ரத்தாகலாம். கமிஷன் வாங்காத ஆலோசனை வேண்டுமென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச அரசு சேவை இருக்கிறது, கலிஃபோர்னியாவில் அதன் பெயர் ஹைகேப். பார்ட் பி தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அவர்களைக் கூப்பிடுங்கள்.