மூன்று வகுப்பு, ஒரு டீச்சர்: பாடக்குறிப்பு எழுதும் முறை

பாடக்குறிப்பு நோட்டைத் திறந்ததும் தலைப்பு, கற்றல் விளைவு, துணைக்கருவி என்று மேலிருந்து கீழே எழுதிக்கொண்டே போகாதீர்கள். முதலில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். மணி அடிக்கும்போது பிள்ளை எதைச் செய்து காட்டினால் பாடம் புரிந்தது என்று நம்புவீர்கள்?

கடன் வாங்கிக் கழித்தலையே எடுத்துக்கொள்வோம். 42-லிருந்து 17 போனால் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், சில பிள்ளைகள் 35 என்று போடுவார்கள். அது கவனக்குறைவு இல்லை. 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறார்கள். அந்த 35-ஐக் குறிப்பில் எழுதிவிடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்பது தானாக வந்துவிடும்: பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட நாலு கட்டுக் குச்சி, உதிரியாக ரெண்டு. ஏழு குச்சி கொடு என்றால் பிள்ளை ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். இப்போது உதிரி 12, ஏழு போக ஐந்து, மிச்சமிருக்கும் மூணு கட்டில் ஒன்றைக் கொடுத்தால் 25. நான் வகுப்பில் 'கட்டை அவிழ்' என்றுதான் சொல்கிறேன். கடன் வாங்கினால் எப்போது திருப்பித் தருவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதானே.

குச்சியைக் கொடுத்துத் திரும்ப வாங்கவே பத்து நிமிடம் போய்விடும், அதையும் 40 நிமிடத்துக்குள் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், ஈராசிரியர் பள்ளியில் 1, 2, 3 மூன்றும் உங்களிடம் இருந்தால் பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் நீங்கள் இருக்கும் வகுப்புக்கு ஒரு வட்டம். மற்ற இரண்டு கட்டத்திலும் உங்களைக் கேட்காமலே செய்யக்கூடிய வேலைதான் இருக்க வேண்டும். புளியங்கொட்டை எண்ணிப் பத்துப் பத்தாக வைப்பது, நேற்று படித்த சொற்களை ஸ்லேட்டில் எழுதுவது மாதிரி. புதுப் பாடத்தை அங்கே வைத்தால் ஐந்தாவது நிமிடமே "டீச்சர், இது எப்படி?" என்று வந்து நிற்பார்கள், குச்சிப் பாடம் பாதியில் நின்றுவிடும்.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலைவாரியாகவே கையேடு கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அதை ராத்திரி உட்கார்ந்து அப்படியே நோட்டில் பார்த்து எழுதுவதில்தான் நம் நேரம் போகிறது. பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, உங்கள் வகுப்புக்காக எதை மாற்றுகிறீர்களோ அதை எழுதுங்கள். பார்வைக்கு வருபவர்களிடமும் அதே நோட்டைக் காட்டுங்கள், அவர்களுக்கென்று தனி நோட்டு வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் ஓரத்தில் ரெண்டு வரி: இன்னும் 35 எழுதுவது யார், எந்த வேலை சீக்கிரம் தீர்ந்துபோனது. நாளைய குறிப்பை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.