பழைய மோட்டார் ஹோமில் டிவிக்குப் பின்னால் ஓர் அலமாரி

அமெரிக்காவின் பழைய மோட்டார் ஹோம்கள் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டிகள்) பலவற்றில், படுக்கையறையில் பிக்சர் டியூப் டிவிக்கென்று ஆழமான பெட்டி இருக்கும். அதில் தட்டை டிவி மாட்டினால் பின்னால் உள்ள இடமெல்லாம் வீண். 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் கதவு செய்து, அதன்மேல் டிவியைப் பொருத்துங்கள். உள்ளே துணிமணி வைக்கலாம். கதவின் முழு உயரத்துக்கும் பியானோ கீல், அதாவது ஒரே நீளக் கீல், போடுவதுதான் முக்கியம். சின்னக் கீல்கள் இரண்டு போட்டால் ஓட்டத்தின் அதிர்வில் தளர்ந்துவிடும். கீலின் திருகுகள் மெல்லிய சுவர்ப் பலகையில் நிற்காது, உள்ளே இருக்கும் சட்டத்தில் இறங்க வேண்டும். கதவுக்குக் காந்தம் போதாது. வண்டி வளைவில் திரும்பும்போது திறந்துகொள்ளும். பட்டனை அழுத்தினால் மட்டுமே திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். டிவி வயரைக் கீல் பக்கமாகக் கொண்டுவந்து, கொஞ்சம் தொய்வும் விடுங்கள்.