மதர்போர்டு மாட்டும் முன் ஸ்டாண்ட்ஆஃபை எண்ணுங்கள்

கேஸுக்குள் மதர்போர்டை இறக்கும் முன் அடியில் உள்ள பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை (போர்டைத் தூக்கி நிறுத்தும் குட்டித் தூண்கள்) எண்ணிப் பாருங்கள். முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டில் பெரும்பாலும் 9 ஸ்குரூ துளை, மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு போர்டில் 4. துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் மிச்சமாக நின்றால் போர்டின் பின்பக்க சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆகலாம், அப்புறம் பவர் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் அசையாது (எனக்கு ஒருமுறை அரை நாள் போனது இதனால்தான்). ஐஓ தகடு (கேஸின் பின்பக்கம் போர்ட்களைச் சுற்றி வரும் தகடு) தனியாக வந்திருந்தால் அதை முதலில் பொருத்திவிடுங்கள், மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

ஸ்குரூக்களை எல்லாத் துளையிலும் லேசாகப் பிடிக்க விட்டு, பிறகு மூலைக்கு எதிர்மூலை என்று இறுக்குங்கள். போர்டு ஆடாமல் நின்றால் போதும், முறுக்கிப் பலம் காட்ட வேண்டாம். முரண்டு பிடிக்கும் ஸ்குரூவை அழுத்தி ஏற்றாதீர்கள்: 6-32 (அங்குல அளவு), எம்3 (மில்லிமீட்டர் அளவு) என ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு மரைகள் உண்டு, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.