எலிசபெத் ராணியின் ஆறு பென்ஸ்: தேய்ந்த வெள்ளிக் காசில் ஆண்டைப் படிப்பது எப்படி?

பழைய இங்கிலாந்துக் காசு சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் வாங்க வேண்டியது முதலாம் எலிசபெத்தின் சிக்ஸ்பென்ஸ்தான். 1561 முதல் 1602 வரை ஏராளமாக அடித்தார்கள், அதனால் இன்றும் எளிதில் கிடைக்கிறது. காசிலேயே ஆண்டு இருக்கிறது. அவருடைய தந்தை எட்டாம் ஹென்றியின் காசுகளில் ஆண்டு கிடையாது, அதை முதலில் வாங்கினால் திணறுவீர்கள்.

தேவையானவை

0.01 கிராம் வரை காட்டும் தராசு, குறுக்களவு பார்க்க வெர்னியர் காலிப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கைக்கண்ணாடி வில்லை), கழுத்தை வளைக்க முடிகிற ஒரு எல்இடி மேசை விளக்கு. யுஎஸ்பி மைக்ராஸ்கோப் வேண்டாம். அதில் ஒரு எழுத்தின் கால்தான் தெரியும், முழு எழுத்து தெரியாது. கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்க லூப்தான் வசதி. தராசுடன் ஒரு 5 கிராம் படிக்கல்லும் வாங்கி, ஒவ்வொரு முறையும் முதலில் அதை நிறுத்துப் பாருங்கள்.

படி 1: எந்தக் காசு?

ராணியின் தலைக்குப் பின்னால் ரோஜா இருக்கிறதா? நம்மூர்ப் பூவா தலையா இங்கே செல்லாது, பூவும் தலையும் ஒரே பக்கத்தில் இருக்கும். சிக்ஸ்பென்ஸ், மூன்று பென்ஸ், ஒன்றரை பென்ஸ், முக்கால் பென்னி ஆகிய நான்கில் மட்டும் ரோஜாவும் ஆண்டும் உண்டு. ஷில்லிங், நாலு பென்ஸ், இரண்டு பென்ஸ், பென்னி ஆகியவற்றில் இரண்டுமே இல்லை. அளவில் அடுத்தடுத்து வரும் காசுகளை மக்கள் குழப்பிக்கொள்ளாமல் இருக்க 1561இல் செய்த ஏற்பாடு இது. ரோஜா இருந்து, குறுக்களவு 26 மி.மீ. ஒட்டி வந்தால் சிக்ஸ்பென்ஸ். 20 மி.மீ. அளவில் இருந்தால் மூன்று பென்ஸ்.

படி 2: எடை

1601 வரை சிக்ஸ்பென்ஸின் சட்டப்படியான எடை 3.11 கிராம், அதன் பிறகு 3.01 கிராம். வெள்ளி 92.5 சதவீதம்.

(பின்சேர்க்கை: "என் காசு 2.7 கிராம்தான் இருக்கிறது, போலியா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். இல்லை. ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைத் திருடுவது அன்று பெரிய குற்றமாகவும் பரவலான பழக்கமாகவும் இருந்தது. ஓரத்து எழுத்துகளின் தலை வெட்டுப்பட்டிருந்தால் கத்தரிப்பு. எழுத்து முழுதாக இருந்தும் எடை குறைந்தால் தேய்மானமாக இருக்கலாம். முகம் கூர்மையாக, எழுத்து முழுதாக, எடை மட்டும் 2.3 கிராம் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.)

படி 3: ஆண்டைத் தேடுவது

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். கேடயம் இருக்கும் பக்கத்தைத் திருப்புங்கள். காசு முழுவதையும் ஒரு நீண்ட சிலுவை நான்காகப் பிரிக்கும். கேடயத்துக்கு மேலே, சிலுவையின் மேல்கைக்கு இடப்பக்கம் 15, வலப்பக்கம் கடைசி இரண்டு இலக்கங்கள். 1600 முதல் இடப்பக்கம் 16. நேர் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் காசின் மேல் சாய்வாக வழுக்கிப் போகும்படி வைத்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இலக்கத்தின் நிழல் எழும்.

அப்போதும் கடைசி இலக்கம் பிடிபடவில்லையா? அக்கசாலைக் குறிக்கு, அதாவது காசு அடிக்கும் சாலை போட்ட சின்னத்துக்குப் போங்கள். ராணியின் கிரீடத்துக்கு மேலே, எழுத்துச் சுற்று தொடங்கும் இடத்தில் ஒரு சின்னம் இருக்கும். மறுபக்கச் சுற்றின் தொடக்கத்திலும் அதே சின்னம் வரும், ஒன்று தேய்ந்தால் மற்றதைப் பாருங்கள். அம்புமுனை என்றால் 1561–65. சிறு கிரீடம் 1567–70. எர்மின் (கீரிபோன்ற வெண்மென்மயிர் விலங்கு) வால் 1572–73. கை 1590–92. பீப்பாய் 1592–95. ஆக 159 வரை தெரிந்து, குறி கையாக இருந்தால் மூன்றே ஆண்டுகள்தான் மிச்சம்.

குறியும் ஆண்டும் சேர்ந்தே மாறும் என்று எண்ண வேண்டாம். அக்கசாலை அடித்த காசுகளிலிருந்து மாதிரி எடுத்து ஒரு பெட்டியில் போட்டு, பின்னர் அவற்றின் எடையையும் வெள்ளியையும் சோதிப்பார்கள். பிக்ஸ் சோதனை என்று அதற்குப் பெயர். எந்தச் சோதனைக் காலத்தில் அடித்த காசு என்று காட்டத்தான் குறி. அதனால் 1573 என்ற ஒரே ஆண்டில் எர்மின், ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை), காட்டு ரோஜா என மூன்று குறிகள் வருகின்றன.

இன்னொரு கண்ணி: 1578 முதல் 1581 வரை குறியே சிலுவைதான். அதை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். 1600, 1601, 1602 ஆண்டுகளில் 0, 1, 2 என்ற எண்களே குறி.

படி 4: எழுத்து

தலைப்பக்கம் சுருக்கமாக எழுதியிருப்பது "எலிசபெத், கடவுளருளால் இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து அரசி". பிரான்ஸ் மண்ணில் கடைசியாக இருந்த கலே நகரமும் 1558இல், அக்கா மேரியின் ஆட்சியிலேயே கைவிட்டுப் போனது. ஆனாலும் பட்டத்தை விடவில்லை, கேடயத்தில் இரண்டு கட்டங்களில் பிரெஞ்சு லில்லி மலர்களும் இருக்கின்றன. மறுபக்கம் "கடவுளை என் துணையாகக் கொண்டேன்" என்ற லத்தீன் வாசகம். கேடயத்தில் யாழ் தெரிந்தால் அது எலிசபெத் அல்ல, அடுத்து வந்த ஜேம்ஸ். அவர் தலைக்குப் பின்னால் ரோஜாவுக்குப் பதில் ரோமன் ஆறு.

படி 5: போலியா?

வார்ப்பில் செய்த போலியில் லூப் வழியே ஊசிமுனைக் குழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் கரைந்த சோப்புபோல் மழுங்கியிருக்கும், விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடும். அன்று பெரும்பாலும் கையால், சுத்தியலால் அடித்தார்கள்; அப்படி அடித்த அசல் காசில் விளிம்பு வெடித்திருப்பதும் படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதும் இயல்பு. மேடான இடங்களில் செம்பு தெரிந்தால், அந்தக் காலத்திலேயே வெள்ளி முலாம் பூசிய கள்ளக்காசு. எட்டாம் ஹென்றியின் காசில் மட்டும் இந்த விதி பொருந்தாது. அவரே வெள்ளியில் செம்பைக் கலந்தார், நேர்முகமாகப் பதித்த முகத்தில் மூக்கு முதலில் தேய்ந்து சிவந்தது, "செம்புமூக்கன்" என்ற பட்டப்பெயர் நிலைத்தது. அந்தக் கலப்படக் காசுகளை 1560–61இல் திரும்பப் பெற்று நல்ல வெள்ளியில் அடித்தது எலிசபெத்தின் பெரிய சாதனை. உங்கள் சிக்ஸ்பென்ஸ் அந்தச் சீர்திருத்தத்தில் பிறந்தது.

மிகவும் வட்டமாக, ஒழுங்காக இருக்கிறதே என்று ஒரு காசை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பிரான்சிலிருந்து வந்த எலோய் மெஸ்ட்ரெல் 1561இல் இயந்திரத்தில் சிக்ஸ்பென்ஸ் அடிக்கத் தொடங்கினார். கள்ளக்காசு வழக்கில் 1578இல் நாரிச் நகரில் தூக்கிலிடப்பட்டார். அந்த இயந்திரக் காசுகள் அருமையானவை, நட்சத்திரக் குறியைத் தேடுங்கள்.

படி 6: வைத்துக்கொள்வது

விபூதி, பல்பொடி, புளி எதுவும் கூடாது. குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் 400 ஆண்டுப் படிவு ஒரே நிமிடத்தில் போய், மேற்பரப்பு முழுக்கக் கீறல் விழும், மதிப்பும் பாதியாகும். பசை ஒட்டியிருந்தால் தூய அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும், அது ஆகாது. பிவிசி உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கைக் கக்கும், மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறையே வாங்குங்கள். உறைக்குள் ஒரு சீட்டில் எடை, குறுக்களவு, குறி, ஆண்டு, வாங்கிய நாள். ஆண்டை ஊகித்திருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போட மறக்காதீர்கள்.