இனிப்பும் உப்பும் கலந்த வசந்தகால நொறுக்குத்தீனி: எங்கே பிசகுகிறது?

பாப்கார்ன், உப்பு தூவிய பிரெட்சல் (முடிச்சு வடிவில் வரும் மொறுமொறு கோதுமைத் தின்பண்டம்), சோளச் சீரியல், வறுத்த வேர்க்கடலை அல்லது பாதாம், எல்லாவற்றையும் பிணைக்க உருக்கிய வெள்ளைச் சாக்லேட், கடைசியில் இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், இளம்பச்சை என்று கண்ணுக்கு இதமான நிறங்களில் கொஞ்சம் மிட்டாய். வசந்தகாலத்துக்கென்று வீட்டில் செய்யும் நொறுக்குக் கலவை இவ்வளவுதான். அடுப்பு வேலை மிகக் குறைவு, சமையல் தெரியாதவரும் செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மறுநாள் டப்பாவைத் திறந்தால் பாப்கார்ன் ரப்பராக இழுக்கிறது, சாக்லேட் கையில் பிசுபிசுக்கிறது, மிட்டாயின் சாயம் பக்கத்தில் இருப்பதிலெல்லாம் ஒட்டியிருக்கிறது. உடனே சாக்லேட் தரமில்லை என்று அதன்மேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி சாக்லேட் இல்லை, ஈரம்தான். அது எந்தெந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட தவறுகள் தாமாகவே நின்றுவிடும்.

முதலில் அளவு. பொரித்த பாப்கார்ன் 6 கப், சீரியல் 2 கப், பிரெட்சல் 2 கப், பருப்பு வகை 1 கப், மிட்டாய் 1 கப், வெள்ளைச் சாக்லேட் சுமார் 350 கிராம். கப் என்பது 240 மில்லி. சாக்லேட் கூடினால் ருசி கூடும் என்று நினைத்து அரைக் கிலோவைக் கொட்டினால் கலவை உதிரியாக நிற்காமல் பாளம் பாளமாக இறுகிவிடும். 250 கிராமுக்குக் கீழே போனால் கொஞ்சம் ஒட்டும், மீதி வெறும் பாப்கார்னாகவே கிடக்கும்.

மெத்தென்றதையும் மொறுமொறுப்பையும் ஒரே டப்பாவில் போடுவது

செய்பவர்கள் அதிகம் கவனிக்காத தவறு இது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று மென்மையான மார்ஷ்மெல்லோவையும் உலர்ந்த திராட்சையையும் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். செய்த அன்று எல்லாம் நன்றாகவே இருக்கும். மூடி வைத்த பிறகுதான் உள்ளே வேலை நடக்கிறது. ஈரம் அதிகமுள்ள பொருளிலிருந்து குறைவான பொருளுக்கு நீர் மெல்ல நகரும். இரண்டும் சமநிலைக்கு வரும்வரை நிற்காது.

உணவு அறிவியலில் இதை நீர்ச் செயல்பாடு என்று அளக்கிறார்கள். சுத்தமான நீருக்கு 1 என்று வைத்தால், மொறுமொறுப்பான சீரியலும் பாப்கார்னும் 0.2, 0.3 அளவில் இருக்கும். சுமார் 0.4, 0.5 தாண்டினால் நமத்துப்போகத் தொடங்கும். மென்மையான மார்ஷ்மெல்லோ 0.6க்கு மேல், உலர்ந்த திராட்சையும் 0.5க்கும் 0.6க்கும் நடுவில் இருக்கும். இவற்றைச் சேர்த்து அடைத்தால் பாப்கார்ன் நமத்துவிடும், மார்ஷ்மெல்லோ கல்லாகும். இரண்டுக்கும் நட்டம். காற்றுப் புகாத டப்பா வெளி ஈரத்தைத் தடுக்கும். உள்ளே நாமே வைத்த ஈரத்தை அது என்ன செய்யும்?

மார்ஷ்மெல்லோ இல்லாமல் மனம் ஒப்பவில்லை என்றால், காலைச் சீரியல்களில் வருகிற குட்டி உலர் மார்ஷ்மெல்லோவை வாங்குங்கள். கடித்தால் நொறுங்கும் வகை அது. திராட்சைக்குப் பதில் உறைய வைத்து உலர்த்திய ஸ்ட்ராபெர்ரி பொருத்தமாக இருக்கும். அதிலுள்ள புளிப்பு வெள்ளைச் சாக்லேட்டின் திகட்டலையும் வெட்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். பாக்கெட்டைப் பிரித்தவுடன் பயன்படுத்த வேண்டும். மென்மையானதுதான் வேண்டும் என்பவர்கள் அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு பரிமாறும்போது தூவலாம்.

பாப்கார்னைச் சூடாகக் கலப்பது

பாப்கார்ன் சோளத்துக்குள் 13, 14 சதவீதம் நீர் இருக்கிறது. மணி சுமார் 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும்போது அந்த நீர் ஆவியாகி மணியின் மேல்தோலை வெடிக்கச் செய்கிறது. வெடித்த பிறகு அந்த ஆவி வெளியே போக வழி வேண்டும் அல்லவா? மூடியை இறுக்கி மூடிப் பொரித்தால் ஆவி மறுபடி பாப்கார்னிலேயே படியும். மூடியைச் சற்றே விலக்கி வைத்துப் பொரியுங்கள். பொரிந்ததும் அகலமான தட்டில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். வெண்ணெய்ச் சுவையூட்டிய மைக்ரோவேவ் பாக்கெட் இதற்குச் சரிவராது. ஏற்கெனவே எண்ணெயும் உப்பும் ஏறியிருக்கும், சாக்லேட்டும் சீராகப் பிடிக்காது.

பொரியாத மணிகளை விட்டுவைத்தால் சாக்லேட் மூடிய பிறகு கண்ணுக்கே தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும். பாத்திரத்தைக் குலுக்கினால் அவை அடியில் தங்கும். மேலே இருப்பதைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். சீரியலையும் பிரெட்சலையும்கூட ஒருமுறை சல்லடையில் தட்டிவிடுவது நல்லது. அடியில் சேரும் தூள்தான் சாக்லேட்டை முதலில் உறிஞ்சி மண்போல் ஆக்குகிறது.

பருப்பு வகைகளை வறுத்த சூட்டோடு போடக்கூடாது என்பதற்கும் பாப்கார்னுக்குச் சொன்ன ஆவிதான் காரணம். பழைய பருப்பாக இருந்தால் ஒன்றை மென்று பாருங்கள். காறல் வாடை லேசாக அடித்தாலும் ஒதுக்கிவிடுங்கள். எந்தச் சர்க்கரையும் அதை மறைக்காது.

சாக்லேட்டை அவசரமாக உருக்குவது

வெள்ளைச் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய், பால் திடப்பொருள், சர்க்கரை மூன்றும்தான் முக்கியம். கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தர விதிப்படி கொக்கோ வெண்ணெய் குறைந்தது 20 சதவீதம், பால் திடப்பொருள் குறைந்தது 14 சதவீதம் இருக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் இவ்வளவு இருப்பதால் கறுப்புச் சாக்லேட் தாங்கும் சூட்டை இது தாங்காது. 45 டிகிரிக்கு மேல் போனால் கெட்டியாகி, மாவு மாவாகி, பால் தீய்ந்த வாசனை வரும். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும் என்பதால் அதிகச் சூட்டுக்குத் தேவையும் இல்லை.

மைக்ரோவேவ் என்றால் பாதி ஆற்றலில் வையுங்கள். முதலில் 30 விநாடி, பிறகு 15 விநாடி 15 விநாடியாக. ஒவ்வொரு முறையும் எடுத்துக் கிளற வேண்டும். சாக்லேட் உருகினாலும் துண்டின் வடிவம் குலையாமல் நிற்கும். கிளறாமல் பார்த்துவிட்டு ‘இன்னும் உருகவில்லை’ என்று மறுபடி வைப்பதில்தான் கருகுகிறது. கொஞ்சம் துண்டுகள் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட்டால் மீதியைக் கிண்ணத்தின் சூடே பார்த்துக்கொள்ளும். அடுப்பு என்றால், மெல்லக் கொதிக்கும் நீருக்கு மேலே கிண்ணம். கிண்ணத்தின் அடி நீரைத் தொடக்கூடாது.

இங்கேயும் ஈரம் காத்திருக்கிறது. கொழுப்பில் மிதக்கும் நுண்ணிய சர்க்கரைத் துகள்களும் பால் துகள்களும் சேர்ந்ததுதான் உருகிய சாக்லேட். அதில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் சர்க்கரையின் மேல்பரப்பு நனைந்து, ஈரக் கரண்டி பட்ட சர்க்கரை டப்பா கட்டிதட்டுவதைப் போல, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளபளவென்று வழிந்துகொண்டிருந்தது நொடியில் திரிதிரியாகிவிடும். சரியாகத் துடைக்காத கரண்டி, மேலே வந்து படியும் ஆவி, இளக்குவதற்காகச் சேர்க்கும் பால் எல்லாமே இதைச் செய்யும். வெண்ணெயிலும் 16 சதவீதம் அளவுக்கு நீர் இருப்பதால் அதுவும் ஆபத்தே. இளக்க வேண்டுமானால் மணமில்லாத தேங்காய் எண்ணெய் ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். கட்டிதட்டியதைப் பூச்சுக்கு மீட்கப் போராட வேண்டாம். சூடான பால் ஊற்றிக் கலக்கினால் இளகிச் சாஸ் ஆகும். அதை வேறு எதற்காவது வைத்துக்கொண்டு புதிதாக உருக்குங்கள்.

பேக்கிங்குக்கு விற்கும் சாக்லேட் சிப்ஸ் சூட்டிலும் வடிவம் குலையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. உருக்கினால் குழகுழவென்றுதான் இருக்கும். பாளமாக வருவதை வாங்கி நறுக்கிக்கொள்ளுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பில் செய்த பூச்சு மிட்டாய் வில்லைகளும் கிடைக்கின்றன. ருசியில் ஒரு படி குறைவுதான், ஆனால் தாமாகவே நன்றாக இறுகும், அறை வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். வெயில் ஏறும் நாளில் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் பாதிப் பாதி கலப்பது வேண்டாம். வில்லைகளில் பெரும்பாலும் இருக்கும் செம்பனைக் கொட்டைக் கொழுப்பும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்தால் ஒத்துப்போகாது. பூச்சு இளகி, நாளடைவில் வெளிறும். உண்மையான சாக்லேட்டைப் பதப்படுத்த (உருக்கி, கிளறியபடி அளவாகக் குளிரவைக்கும் ‘டெம்பரிங்’ முறை) தெரிந்தவர்கள் 28 டிகிரி அளவுக்கு இறக்கிப் பயன்படுத்தினால் விரலில் ஒட்டாது. தெரியாதவர்கள் அதற்காகக் கவலைப்பட வேண்டாம், நொறுக்குத்தீனிதானே.

வசந்த நிறத்துக்காகச் சாக்லேட்டில் சாயம் ஊற்றுவது

கேக்குக்கு வாங்கிய திரவச் சாயம் நீரில் கரைத்தது. இரண்டு சொட்டு போதும், மேலே சொன்ன விபத்து நடந்துவிடும். எண்ணெயில் கலக்கும் சாயமோ பொடிச் சாயமோதான் ஏற்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: வெள்ளைச் சாக்லேட் உண்மையில் வெள்ளை இல்லை, தந்த மஞ்சள். அதில் நீலத்தைக் கலந்தால் கடல்பச்சையாகும், ஊதா சாம்பல் பூத்துவிடும். படத்தில் பார்த்த வெளிர் ஊதா ஏன் வரவில்லை என்று சாயத்தை மேலும் மேலும் சேர்த்தால் கசப்புத்தான் மிஞ்சும்.

சாக்லேட்டை அதன் நிறத்திலேயே விட்டுவிட்டு, நிறத்தை மிட்டாயிடம் ஒப்படைப்பதுதான் என் கட்சி. இளஞ்சிவப்பு கட்டாயம் வேண்டுமா? உலர் ஸ்ட்ராபெர்ரியைப் பொடித்துச் சலித்துத் தூவுங்கள். பச்சைக்கு நறுக்கிய பிஸ்தா இருக்கிறது. இரண்டுமே ருசியையும் கூடக் கொண்டுவரும்.

சர்க்கரை ஓடு போட்ட மிட்டாயை ஆரம்பத்திலேயே போட்டுக் கிளறினால் ஓடு விரிசல் விடும், மேலே சாக்லேட் பூசி நிறமும் மறையும். மற்றவற்றைக் கலந்து தட்டில் பரப்பிய பிறகு, சாக்லேட் இறுகுமுன் மேலே தூவிவிடுங்கள்.

உப்பைக் கணக்கில்லாமல் போடுவது

பிரெட்சலில் உப்பு இருக்கிறது, வறுத்த பருப்பில் இருக்கிறது, சீரியலில்கூட இருக்கிறது. இது தெரியாமல் பாப்கார்னுக்கும் தனியாக உப்புப் போட்டால் நாலு வாய்க்கு மேல் சாப்பிட முடியாது. உப்பு வரும் இடம் ஒன்றோ இரண்டோ போதும். பிரெட்சல் உப்புள்ளது என்றால் பருப்பு உப்பில்லாததாக இருக்கட்டும். கைப்பிடி அளவு கலவையைச் சாக்லேட் இல்லாமல் தின்று பாருங்கள். ‘உப்பு சற்றுத் தூக்கல்’ என்று பட்டால் அதுவே சரியான அளவு, ஏனென்றால் பின்னால் வரும் சாக்லேட்டின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எல்லாம் இனிப்பாகவே போட்டுவிட்டு, சரிக்கட்ட உருகிய சாக்லேட்டில் உப்பைக் கரைக்கப் பார்ப்பது. உப்பு கொழுப்பில் கரையாது, அடியில் தங்கி எங்கோ ஓரிடத்தில் கரிக்கும். பரப்பிய சாக்லேட் ஈரப்பளபளப்போடு இருக்கும்போதே மேலிருந்து தூவினால் ஒட்டிக்கொள்ளும். நாக்கில் முதலில் படுவதால் கால் தேக்கரண்டியே போதும். இறுகிய பிறகு தூவியது டப்பாவின் அடிக்குத்தான் போகும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஆறவைப்பது

சாக்லேட்டை இரண்டு மூன்று தவணையாக ஊற்றி, பெரிய பாத்திரத்தில் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். பார்ச்மென்ட் எனும் ஒட்டாத பேக்கிங் தாளில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவியலாக விட்டால் நடுப்பகுதி இறுக நேரமாகும், உடைக்கும்போது பாப்கார்னும் சேர்ந்து நொறுங்கும்.

அவசரத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு அப்படியே வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சாக்லேட்டின் மேல் வியர்வையாகப் படியும். மிட்டாய்ச் சாயம் வழிவது இதனால்தான். சாக்லேட்டின் மேல் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரவென்று வெள்ளை படர்வதும் இதனால்தான். 20 டிகிரிக்குப் பக்கமான அறையில் சுமார் ஒரு மணி நேரத்தில் தானே இறுகும். அறை சூடாக இருந்து வேறு வழியே இல்லையென்றால் 10, 15 நிமிடம் வையுங்கள், பெட்டிக்குள் இருக்கும்போதே மூடிபோட்டு, வெளியே எடுத்து, அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

முழுக்க ஆறுமுன் பையில் கட்டிவிடாதீர்கள். சரியாக மூடி வெயில் படாமல் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும்; உலர்ந்த பொருள்களை மட்டும் போட்டிருந்தால் இன்னும் சில நாள் தாங்கும். பரிசாகக் கொடுக்கும்போது பையின்மேல் புதுப்பூ செருகும் ஆசை வரும். டாஃபோடில், லில்லி ஆஃப் தி வேலி போன்ற வசந்தப் பூக்கள் நஞ்சுள்ளவை. தின்பண்டத்தின் பக்கத்திலேயே வேண்டாம், காகிதப் பூ போதும்.

பையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். வேர்க்கடலை, பாதாம், பால், கோதுமை என ஒவ்வாமை தரக்கூடியவை பலவும் இதில் ஒன்றாக வருகின்றன. பருப்பு ஒதுக்குபவர் வீட்டுக்கென்றால் அவற்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது போதாது, பாத்திரத்தைக் கழுவிவிட்டுத் தனியாகச் செய்ய வேண்டும். 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்தக் கலவையே வேண்டாம். பாப்கார்ன், முழுப் பருப்பு, கடின மிட்டாய் மூன்றும் தொண்டையில் அடைக்கக்கூடியவை.