‘பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில்’ என்று தொடங்கும் மனுக்கள்

இங்கே சிங்கப்பூரில் சட்டப் படிப்பை முடித்து வரும் பிள்ளைகள் எழுதும் அரசியலமைப்பு மனுக்கள் அவ்வப்போது என் மேசைக்கு வரும். நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். பக்க எண் விட்டுப்போவது, இணைப்பு மாறிப்போவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை நீதிமன்றப் பதிவகமே திருப்பி அனுப்பிக் கற்றுக்கொடுத்துவிடும்.

ஊர்க் குறையைச் சொந்தக் குறையாக எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். தமிழ்ச் செய்திகளில் ‘பொதுநல வழக்கு’ என்று கேட்டுக் கேட்டு, இங்கேயும் யார் வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் 1980களிலிருந்து அந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. சிங்கப்பூரில் நீதிமன்றம் முதலில் கேட்பது, ‘சரி, உங்களுக்கு என்ன ஆயிற்று?’ என்பதைத்தான். மீறப்பட்ட உரிமை உங்களுடையதா, விஷயத்தில் உங்களுக்கு மெய்யான நலன் இருக்கிறதா, தீர்க்க வேண்டிய சர்ச்சை இன்னும் உயிரோடு இருக்கிறதா? எல்லோருக்கும் பொதுவான உரிமை என்றால், மற்றவர்களுக்கு இல்லாத தனிப்பட்ட பாதிப்பு ஒன்றை நீங்கள் காட்ட வேண்டும். இதைத்தான் ‘வழக்காடும் தகுதி’ என்கிறோம்.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கியிருந்த, குற்றவியல் சட்டத்தின் 377ஏ பிரிவை எதிர்த்தவர் அதன்கீழ் கைதாகிக் குற்றம் சாட்டப்பட்டவர். பிறகு குற்றச்சாட்டு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டது. அப்படியும் அவருக்கு வழக்காடும் தகுதி உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் சொன்னது. அனைத்துலகப் பண நிதியத்துக்கு 400 கோடி அமெரிக்க டாலர் கடன் தருவதாக அரசாங்கம் அறிவித்ததை, அரசாங்கக் கடன்களுக்கு அதிபரின் ஒப்புதலைக் கேட்கும் அரசியலமைப்பின் 144ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தார் எதிர்க்கட்சி அரசியல்வாதி கென்னத் ஜெயரத்தினம். 2013இல் அதே நீதிமன்றம் அவருக்குத் தகுதி இல்லை என்றது. பணம் நாட்டுடையது, அவருக்கென்று தனியாக எந்தப் பாதிப்பும் இல்லை.

அந்தத் தீர்ப்பில் ஒரு சின்ன இடுக்கு உண்டு: மிகக் கடுமையான சட்டமீறல் என்றால், தனி உரிமை இல்லாதவரையும் அபூர்வமாக அனுமதிக்கலாம் என்பது. இளையவர்கள் நேராக அதில்தான் போய் நுழைகிறார்கள். அதை நம்பி மனு எழுதாதீர்கள்.

பொது இடத்தில் தவில் வாசிக்க அனுமதி மறுக்கப்பட்ட ஒருவருக்காக ஒரு தம்பி பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்தான். முதல் பத்தி, ‘பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில்’. அப்புறம் கலைஞர்களின் சுதந்திரம், பண்பாடு, டெல்லித் தீர்ப்புகள் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. மறுப்புக் கடிதம் எங்கே என்று தேடினால் கடைசி இணைப்பாகக் கிடக்கிறது. உள்ளே அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்தத் தேதியில் விண்ணப்பித்தார், என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள், எத்தனை நிகழ்ச்சி கைவிட்டுப் போனது, எதுவும் இல்லை. கையில் தகுதியை வைத்துக்கொண்டே அதைத் தொலைப்பது என்றால் இதுதான். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவையும் கட்டச் சொல்லலாம் என்பதைக் கட்சிக்காரரிடம் சொன்னாயா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

தாக்கல் செய்த நாளோடு தகுதிக் கேள்வி முடிந்தது என்று நினைப்பது

2012இல் ஹவ்காங் தொகுதி காலியானபோது, அங்கே குடியிருந்த வாக்காளரான தமிழ்ப் பெண்மணி ஒருவர் இடைத்தேர்தல் கோரி வழக்குப் போட்டார். துப்புரவு வேலை பார்த்தவர். வழக்கு நடக்கும்போதே, மே 26 அன்று இடைத்தேர்தல் நடந்துவிட்டது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரதமர் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று சட்டத்தைத் தெளிவுபடுத்தியது. ஆனால் அந்த அம்மாவுக்குத் தகுதி அதற்குள் போய்விட்டது என்றும் சொன்னது. அவருடைய தொகுதிக்குத்தான் உறுப்பினர் வந்துவிட்டாரே. ஒவ்வொரு விசாரணைக்கு முன்பும் அந்தச் சர்ச்சை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தவறான வாசல்

இங்கே தனி அரசியலமைப்பு நீதிமன்றம் கிடையாது. உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அரசியலமைப்புக் கேள்விகளுக்குக் கருத்துச் சொல்ல, அரசியலமைப்பின் 100ஆம் பிரிவின்கீழ் அமையும் நடுவர் மன்றத்துக்குக் கேள்வி அனுப்ப அதிபரால் மட்டுமே முடியும்.

மூன்று மாதம்

அரசு அமைப்பின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்ப்பதுதான் நீதிமுறை மறுஆய்வு. அதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்பதற்கான கெடு மூன்று மாதம். மேல்முறையீட்டுக் கடிதங்கள் எழுதிக்கொண்டே அதைத் தாண்டிவிடாதீர்கள்.

குடியுரிமை

அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும். கட்சிக்காரர் நிரந்தரவாசியா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.